விஞ்ஞானம் படித்தால் சோறு கிடைக்குமா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியானவுடன் நமது நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு விசாரணை நடக்கிறது. பையனை எதில் சேர்ப்பது? பெண்ணை மேலே படிக்க வைப்பதா, நிறுத்திவிடுவதா? வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்றவன் பாக்கியசாலி, இஞ்சினீயரிங்கில் சேர்ந்தவன் தப்பிப் பிழைத்தவன், இவ்விரண்டும் வாய்க்காமல் பி.எஸ்ஸி. வகுப்பில் போய் உட்கார்ந்தவன் கதியற்றவன் என்று ஊரார் ஒரு வரிசை வகுத்து வைத்திருக்கின்றனர். பௌதிகமும் ரசாயனமும் தாவர நூலும் பிராணி நூலும் கற்று என்ன பயன், அவை சோறு போடுமா என்று பெற்றோர் கேட்கின்றனர்.

இக்கேள்வி இழிவானதன்று. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடியானவன் சோற்றைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்பான்? அறிவுக்காகவே அறிவு என்று மேடையில் பேசுவது எளிது. மூன்று ஆண்டு கல்லூரிச் செலவைத் தாங்குகிறவனுக்கு அப்பேச்சு போதாது. ஆகையால் கேள்வியைப் பரிகசிக்காமல் அதற்கு நேரான விடை கூறுவதே முறையாகும்.

விடையைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து உண்டான நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது இவ்வூர். மலைமேல் வாழும் பழங்குடி மக்களும் சமவெளிக் குடியானவர்களும் ஒன்று கூடும் பிரதேசம் இது. இதன் சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இங்கே மரவள்ளித் தோட்டங்களும், கோழிப்பண்ணைகளும், மலைத் தானியங்களும் உண்டு. சேந்தமங்கலத்திலேயே அரசினர் கலை அறிவியல் கல்லூரி ஏற்பட்டிருக்கிறது. நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் அத்தகைய கல்லூரிகள் அதற்கு முன்பிருந்தே நடந்துவருகின்றன. எனவே, விஞ்ஞானம் படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளை சென்னைக்கோ கோயமுத்தூருக்கோ மூட்டை கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அப்படிப் படித்தால் இந்த ஊரில் அப்படிப்புக்கு வேலை உண்டா என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம்.

மரவள்ளியும் குளவியும்

குச்சிக்கிழங்கு என்று இப்பக்கத்தார் வழங்கும் மரவள்ளியை முதலில் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்பு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சு மாவும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்தன. யுத்தத்தினால் கப்பல் நின்றது. அந்த நெருக்கடியில் 1940களில் சேலத்து வியாபாரிகள் உள்ளூர்க் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய முற்பட்டனர். இன்று சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சேகோ ஆலைகள் தேசமெங்கும் சரக்கு அனுப்புகின்றன. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் 1981இல் தோன்றியது. அந்நியச் சரக்கு நின்ற இடத்தில் சுதேசித் தொழில் முளைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இத்தொழில் இரண்டு தடவை அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்டது. மெக்ஸிகோ முதலிய மத்திய அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயமுத்தூரில் காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்களின்மேல் அது வெள்ளை மாவு போலப் படர்ந்தது. குடியானவர்கள் மருந்து அடித்தனர். பூச்சியின் உடலை மூடியிருந்த மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்துவிட்டது. பணம் போயிற்று, பூச்சி போகவில்லை. அப்பொழுது பூச்சி நூல் வல்லுநர்கள் வேறு வழியில் சிந்தித்தனர். பூச்சி தன் பிறந்த நாட்டில் ஏன் இவ்வளவு பெருகுவதில்லை? அங்கே அதைத் தின்று வாழும் எதிரி இருக்கிறது. இங்கே அது இல்லை. ஆகவே அந்த எதிரியைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தனர். 2010இல் பெங்களூரிலுள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து எள்ளினும் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றால் நமது பயிர்களுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் தீங்கு நேராது என்று சோதித்து அறிந்த பின்னரே வயல்களில் விட்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கிக் கொடுத்தது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் தோட்டங்கள் தெளிந்தன.

2020இல் வேறொரு பகைவன் வந்தான். தென்அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி முதலில் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்தில் காணப்பட்டு, பின்னர் நமது ஜில்லாக்களுக்குப் பரவியது. இது 1970களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான ஜனங்களின் உணவைச் சூறையாடிய பூச்சி. ஹான்ஸ் ஹெரென் என்ற ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானியின் தலைமையில் அங்கே அதை அடக்கினார்கள். 1981இல் பராகுவே நாட்டில் கண்டெடுத்த குளவியே அந்த வெற்றிக்குக் காரணம். 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. அதே குளவியை 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டனர்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குளவிகளைத் தெரிந்து எடுத்தவர்களும், சோதித்தவர்களும், வளர்த்தவர்களும் எங்கோ ஒரு வகுப்பில் உட்கார்ந்து பூச்சியின் காலையும் இறகையும் பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் வரைந்தவர்கள்தாம். அன்று அவர்களுடைய ஊராரும் ஈயும் எறும்பும் படித்து என்ன பயன் என்றுதான் கேட்டிருப்பார்கள். அந்தப் படிப்பு அவர்களுக்குச் சம்பளம் தந்தது. சேந்தமங்கலத்துக் குடியானவனுக்கு விளைச்சல் தந்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கூலி தந்தது. ஒருவன் கற்ற கல்வி ஆயிரம் பேருக்குச் சோறு போட்டதென்று இதற்குப் பொருள்.

கிழங்கு ஆலைக்குள் நுழைந்தாலும் இதே கதைதான். ஸ்டார்ச்சு தரமாக இருக்கிறதா, மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதா, வெளுப்பு மருந்து சேர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ரசாயனமும் நுண்ணோக்கியும் வேண்டும். ஆலையின் கழிவுநீர் கிணறுகளைக் கெடுக்கிறது என்ற முறைப்பாடு பழையது. அந்த நீரைக் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்தால் எரிவாயு கிடைக்கும். தீங்காக ஓடிய நீர் ஆலைக்கே விறகாகும். இதைச் செய்யத் தெரிந்தவன் நுண்ணுயிர் நூல் படித்தவன்.

முட்டையும் ரசாயனமும்

நாமக்கல் என்றால் முட்டை என்பது தேசமெங்கும் தெரிந்த செய்தி. கோழிக்குத் தீவனம் போட்டால் முட்டையிடும், இதில் சாஸ்திரம் எங்கே இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேஸிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததும், அப்பூசணம் உண்டாக்கிய விஷம் ஈரலைக் கெடுத்ததும் தெரிய வந்தன. அவ்விஷத்துக்கு அப்ளாடாக்ஸின் என்று பெயரிட்டனர். ஈரம் உலராத மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் தீவனத்தில் கலக்கும் நமது பண்ணைகளுக்கு இது அந்நிய தேசத்துக் கதையல்ல, சொந்தக் கதை. தீவன மூட்டையைத் திறந்து முகர்ந்து பார்த்தால் இவ்விஷத்தின் அளவு தெரியாது. சோதனைச் சாலையில் பார்த்தால்தான் தெரியும்.

கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு இங்கே இராணிக்கேத் என்று நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயரே வழங்குகிறது. அதற்கும் மற்றக் கால்நடை நோய்களுக்கும் தடுப்பு மருந்து செய்யும் இராணிப்பேட்டை நிலையம் 1932இல் ஏற்பட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தோன்றியது. தீவனத்தைச் சோதிக்கும் வசதி அங்கே உண்டு. தடுப்பு மருந்தும் தீவனச் சோதனையும் இல்லாவிட்டால் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகளை வளர்ப்பது நினைக்கவும் கூடாத காரியம். ஆகவே பண்ணைக்காரரின் முதல் தீவன மூட்டையில் தொடங்கி அந்நிய நாட்டுக்குக் கப்பலேறும் முட்டையில் மருந்தின் எச்சம் உண்டா என்று பார்க்கும் கடைசிச் சோதனை வரையில் விஞ்ஞானம் கற்றவனுக்கு வேலை இருக்கிறது.

மலைமேல் ஏறினால் மற்றொரு காட்சி. சாமை, தினை, வரகு, கேழ்வரகு விளைந்த கொல்லிமலைச் சரிவுகளில் மரவள்ளியும் ஏறிவிட்டது. பணம் வந்தது; பழைய விதைகள் மறையத் தொடங்கின. 1988இல் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 1990கள் முதல் அங்கே தங்கி, மலைமக்கள் காத்துவந்த தானிய வகைகளைச் சேகரித்து வகைப்படுத்தினர். சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பெண்களின் உழைப்பைக் கண்டு அதற்கு இயந்திரம் கொண்டுவந்தனர். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டென்று உலகமே கொண்டாடியது. அந்த விதைகளைப் பரம்பரையாக அறிந்தவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருத்தி தாவர நூல் கற்று, தன் பாட்டியின் விதையறிவைச் சோதனைச் சாலையின் அறிவோடு சேர்ப்பாளாயின், வெளியூர் விஞ்ஞானி பத்து ஆண்டில் அறிவதை அவள் ஓர் ஆண்டில் அறிவாள்.

அன்றும் இன்றும்

விஞ்ஞானத்தில் வேலை இல்லை என்ற காலமும் இருந்தது. அது அந்நிய ஆட்சிக் காலம். சென்னை இராஜதானிக் கல்லூரியில் 1904இல் பௌதிகத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தேறிய சந்திரசேகர வேங்கட ராமன், 1907இல் எம்.ஏ. தேறிய பிறகு எங்கே போனார்? கணக்கு இலாகாவுக்குப் போனார். விஞ்ஞானியாகப் பிழைக்க இடமில்லாததால் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கைப் பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் மகேந்திரலால் சர்க்கார் என்ற பெரியார் 1876இல் ஸ்தாபித்த விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். பத்தாண்டு கழித்து 1917இல் கல்கத்தா சர்வகலாசாலை பேராசிரியர் பதவி அளித்தபோது, பெரிய சம்பளத்தை விட்டுச் சிறிய சம்பளத்துக்குச் சென்றார். 1930இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. வங்காளத்தில் ரசாயன ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய், படித்த வாலிபர்கள் குமாஸ்தா வேலைக்கு அலைவதைக் கண்டு மனம் நொந்து, தாமே மருந்துத் தொழில் ஒன்றை ஆரம்பித்தார். அது 1901இல் கூட்டுக் கம்பெனியாகி வளர்ந்தது. அந்தத் தலைமுறை வேலை இல்லை என்று முணுமுணுத்து நிற்கவில்லை, வேலையை உண்டாக்கியது.

இன்று சுதந்தர பாரதத்தில் அவ்வளவு துன்பம் இல்லை. பி.எஸ்ஸி. தேறியவருக்கு வழிகள் பல. பட்டத்துடன் பி.எட். படித்து ஆசிரியராகலாம். ஜாம் என்று வழங்கும் பரீட்சை எழுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.எஸ்ஸி. சேரலாம். அதன்பின் நெட் பரீட்சையில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறினால், ஆராய்ச்சி செய்யும்போதே உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அணுசக்தி இலாகாவின் பயிற்சிப் பள்ளி பௌதிகம், ரசாயனம் கற்றவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. இந்திய வனப்பணிப் பரீட்சை எழுதுவதற்குத் தாவர நூல், பிராணி நூல், ரசாயனம், பௌதிகம், கணிதம் முதலியவற்றில் ஒன்றைப் பட்டப் படிப்பில் கற்றிருப்பது போதும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி உத்தியோகத்துக்கு உயிர் ரசாயனம் அல்லது நுண்ணுயிர் நூலில் பட்டம் போதும், ரசாயனமானால் எம்.எஸ்ஸி. வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பின்னால் வருந்துவோர் உண்டு. ஆதலால் சேரும் முன்பே விசாரித்து அறிவது நலம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் ஆரம்பமாயிற்று. பையன்களுக்கு அத்தகைய திட்டம் 2024இல் ஏற்பட்டது. இத்தொகை பெரிதன்று, ஆயினும் கிராமத்துப் பெண்ணின் பஸ் செலவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அது ஊன்றுகோல். அடுப்படியில் தினமும் பக்குவம் பார்க்கும் பெண்ணுக்குச் சோதனைச் சாலை அந்நியமான இடமன்று. அளவு, சூடு, நேரம் இம்மூன்றும் அவள் கையில் ஏற்கனவே பழகியவை.

பட்டமும் பயிற்சியும்

எனினும் நாம் உண்மையை மறைக்க விரும்பவில்லை. பி.எஸ்ஸி. பட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையின்றித் திரியும் இளைஞர் அநேகர். விஞ்ஞானம் அவர்களைக் கைவிட்டதா? இல்லை, அவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கப்படவேயில்லை. பாஸிட்டிவ், நெகட்டிவ் என்று சோதனை முடிவுகளை நோட்டிலிருந்து நோட்டுக்கு எழுதி, பியுரெட்டைக் கையால் தொடாமலே ரசாயனத்தில் தேறினவனை எந்த ஆலைக்காரன் வேலைக்கு எடுப்பான்? நீச்சல் புத்தகம் படித்தவனைக் கிணற்றில் இறக்கினால் என்ன ஆகும்?

இந்நோயின் வேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. மார்க்கு வாங்குவதில் நாமக்கல் ஜில்லா நெடுங்காலம் பேர்பெற்றிருந்தது. வெளி ஜில்லாக்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தனர். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைக்கும் வழக்கம் இருந்தது. அதைத் தடுப்பதற்காக 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025இல் அதை நீக்கிவிட்டார்கள். பரீட்சை வந்தாலும் போனாலும், கேள்வி கேட்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டாதவரையில் மார்க்கு வெறும் எண்தான். தொண்ணூற்றெட்டு மார்க்கு வாங்கினவன், தன் வீட்டுக் கிணற்று நீர் ஏன் உவர்க்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லையாயின், அவன் படித்தது விஞ்ஞானமன்று, மனப்பாடம்.

மற்றொரு தடை பாஷை. கிராமத்துப் பிள்ளை இயற்கையாகவே கூர்மையுள்ளவன். ஆனால் முதலாண்டு வகுப்பில் இங்கிலீஷைக் கண்டு மிரண்டு வாயடைத்து உட்காருகிறான். விஷயம் புரியவில்லையா, பாஷை புரியவில்லையா என்று அவனுக்கே தெரிவதில்லை. இதற்குப் பரிகாரம் தேடிய ஊர் சேலம். 1916இல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜகோபாலாச்சாரியாரும் அவருடைய நண்பர்களும் விஞ்ஞானப் பரிபாஷைச் சொற்களைத் தமிழில் வகுப்பதற்கென்றே ஒரு சங்கம் கண்டு பத்திரிகையும் நடத்தினர். பின்னாளில் அவரே திண்ணை ரசாயனம் என்று தமிழில் ரசாயன நூல் எழுதினார். நூற்றாண்டுக்கு முன் சேலத்தார் தொடங்கிய வேலையை இன்றைய கல்லூரி ஆசிரியர்கள் தொடர வேண்டும். முதலில் தமிழில் விளங்கச் சொல்லி, பிறகு உலகம் வழங்கும் பெயர்களையும் கற்பித்தால், மாணவன் இரண்டையும் பற்றிக்கொள்வான். மேல்படிப்புக்கு இங்கிலீஷ் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அது வாசற்படியாக இருக்கலாம், மதிற்சுவராக இருக்கலாகாது.

செய்ய வேண்டியது யாது?

சர்க்கார் கல்லூரிகளைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. துல்லியமான தராசும், நுண்ணோக்கியும், தண்ணீரும், மின்சாரமும், நிரந்தரமான ஆசிரியரும் இல்லாத இடத்தில் விஞ்ஞான வகுப்பு என்று பலகை தொங்கவிடுவது ஏழைகளை ஏமாற்றுவதாகும். கட்டடத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது சோதனைச் சாலைக்கு ஒதுக்க வேண்டும்.

சேகோ ஆலைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் தீவன ஆலைக்காரர்களும் தம் பங்கைச் செலுத்த வேண்டும். கோடை விடுமுறையில் இரண்டு மாணவர்களையாவது அழைத்துத் தம் சோதனை அறையில் பழக்கினால், அவர்களுக்கே நாளை தேர்ந்த ஆள் கிடைப்பான். இஃது ஆளைத் தேடி அலையும் செலவைக் குறைக்கும் வியாபார யுக்தியே தவிர, தர்மமன்று.

பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இது: வைத்தியப் படிப்பு உயர்ந்ததுதான், இஞ்சினீயரிங்கும் தேசத்துக்கு வேண்டியதுதான். அவற்றில் நாட்டமும் வசதியும் உள்ளவர்கள் தாராளமாகச் செல்லட்டும். கால்நடை மருத்துவம், வேளாண்மை முதலிய தொழிற்கல்விகளில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கி 2021இல் சட்டம் வந்திருக்கிறது. அதையும் விசாரித்து அறியுங்கள். ஆனால் பெயருக்கு ஓர் இஞ்சினீயரிங் கல்லூரியில் சேர்ப்பதற்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். அருகிலுள்ள சர்க்கார் கல்லூரியில் ஊன்றிப் படித்த ரசாயனம், கடன் பட்டு அரைகுறையாகப் படித்த இஞ்சினீயரிங்கைவிட மேலானது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பி.எஸ்ஸி. மூன்றாண்டில் முடியும், விஞ்ஞானப் படிப்பு அதோடு முடிவதில்லை. நல்ல பதவிகளில் பெரும்பாலானவை எம்.எஸ்ஸி. தேறியவரையோ ஆராய்ச்சி செய்தவரையோ நாடுகின்றன. ஆகவே இரண்டு மூன்று ஆண்டு மேலும் பொறுக்கும் மனம் பெற்றோருக்கு வேண்டும். தென்னை வைத்தவன் மறுமாதமே காய் கேட்பதில்லை.

மாணவர்களுக்குச் சொல்லுவது இன்னும் சுருக்கமானது. கையை அழுக்காக்கிக்கொள்ளுங்கள். செய்து பார்க்காத சோதனையை நோட்டில் எழுதாதீர்கள். உங்கள் தோட்டத்து மண்ணையும், உங்கள் ஊர்க் கிணற்று நீரையும், உங்கள் வீட்டுத் தீவனத்தையும் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதியுங்கள். ஆசிரியர் சலித்துக்கொண்டாலும் கேள்வி கேளுங்கள். நல்ல ஆசிரியர் சலித்துக்கொள்ளமாட்டார்.

விஞ்ஞானம் சோறு போடுமா என்பது கேள்வி. சேந்தமங்கலத்தார் இன்று உண்ணும் சோற்றில் அதன் பங்கு ஏற்கனவே இருக்கிறது. பெங்களூரிலும் கோயமுத்தூரிலும் இராணிப்பேட்டையிலும் இருப்பவர்கள் படித்த படிப்பு இவ்வூர்த் தோட்டத்தையும் பண்ணையையும் காத்துவருகிறது. மறுபடி ஒரு பூச்சி வரும். ஒரு புதிய கோழிநோய் வரும். அப்பொழுதும் வெளியூரிலிருந்து யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருப்பதா, அல்லது நம் ஊர்ப் பெண்ணும் பையனுமே நுண்ணோக்கியின்முன் உட்கார்ந்திருப்பதா? சுயராஜ்யம் என்பது கொடியேற்றுவதோடு முடிவதில்லை. தன் பயிரின் நோயைத் தானே அறிந்து, தன் நீரைத் தானே சோதித்து, தன் தொழிலைத் தானே திருத்திக்கொள்ளும் வல்லமையும் அதில் அடங்கும். அவ்வல்லமையைத் தரும் படிப்பைக் கதியற்றவர் படிப்பென்று இகழும் வழக்கத்தை இவ்வாண்டோடாவது நமது ஜனங்கள் விட்டொழிப்பார்களாக.